ஏரித்துறைக் காவற்படகு

"கப்பலிலே தீப்பற்றினால் அஞ்சுவானேன்? சுற்றிலும் நீர்தானே நிறைந்திருக்கின்றது?" என்று மாணவ நேயர் ஒருவர் எமக்கு எழுதிக் கேட்டிருக்கின்றார். கேள்வி எளியது; விடை அத்துணை எளிதன்று. கிணற்றுக்குப் பக்கத்திலே வீடு இருந்தாலும், வாளியுங் கயிறும் இல்லாவிடில் வீட்டில் எழுந்த தீயை எவ்வாறு அணைப்பது? நீர் அருகில் இருந்தாற் போதாது. வேண்டிய இடத்துக்கு, வேண்டிய வேகத்தோடு, வேண்டிய நேரத்தில் அது சென்று சேர்தல் வேண்டும். துறைமுகங்களில் இவ்வேலையைச் செய்வதற்கென்றே தீயணைப்புப் படகு என்னும் ஒருவகைக் கலம் உளது. அத்தகைய கலங்களுள் மிக முதியதொன்றின் கதையை இவ்வாரம் நம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம். அது கடற்றுறையிற் பணி செய்த படகன்று. ஏரித்துறையிற் பணி செய்த படகு.

ஏரி என்றவுடன் நம் வன்னிக் குளங்களையோ, மட்டக்களப்பு வாவியையோ எண்ணிக்கொள்ளுதல் ஆகாது. வட அமெரிக்காவிலே, ஐக்கிய அமெரிக்காவுக்குங் கனடாவுக்கும் நடுவே, ஐந்து பேரேரிகள் ஒன்றோடொன்று தொடுத்துக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றின் பெயர் ஈரி. அதன் கரையில் முற்காலத்தில் வாழ்ந்த ஓர் ஆதிக்குடியின் பெயரே ஏரிக்கும் ஆயிற்று என்பர். நம் செவிக்கோ "ஈரி ஏரி" என்பது சிறுவர் விளையாட்டுச் சொற்போல ஒலிக்கின்றது. ஐந்தில் அது நான்காவது பெரியது. ஆயினும் அதன் பரப்பு ஏறக்குறைய 25,700 சதுர கிலோமீற்றர். நமது இலங்கைத் தீவின் பரப்பில் மூன்றிலொரு பங்குக்கும் மேல். நீளம் 388 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனைக்குள்ள தூரத்தினுஞ் சிறிதே குறைவு. ஆழம் மட்டும் குறைவு. சராசரியாக 19 மீற்றர்தான். ஆழங் குறைந்த பெருநீர்நிலையிற் காற்று வீசத் தொடங்கினால் அலைகள் விரைந்தெழும். குறுகியும் செங்குத்தாயும் எழும். அந்த ஏரியின் அலைக்கு மாலுமிகள் அஞ்சுவதற்குக் காரணம் இதுவே.

இவ்வேரியின் கீழைக் கோடியில் இருக்கும் நகரம் பஃபலோ. அந்நகரம் ஏன் பெருந்துறை ஆயிற்று என்பதை அறிந்தாலன்றி நமது படகின் கதை விளங்காது. ஈரி ஏரியின் நீர் நயாகரா ஆறாக ஓடி, உலகறிந்த அந்த வீழ்ச்சியிற் குதித்து, ஒன்ராறியோ ஏரியை அடைகின்றது. நீர் குதிக்கலாம், கப்பல் குதிக்க முடியுமா? மேற்குச் சமவெளிகளில் விளைந்த கோதுமையை ஏற்றிவந்த கப்பல்களெல்லாம் பஃபலோவில் நின்றே ஆகவேண்டும். அங்கிருந்து ஹட்சன் ஆறு வரை 363 மைல் நீளத்துக்கு வெட்டப்பட்ட ஈரிக் கால்வாய் 1825ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. அதன்பின் பெருங்கப்பலிலிருந்து இறக்கிச் சிறுபடகில் ஏற்றி நியூயோர்க்குக்கு அனுப்புவதே அந்நகரின் பெருந்தொழிலாயிற்று.

இறக்கியவர் யார்? கூலியாட்கள். மூட்டை மூட்டையாக முதுகிற் சுமந்து இறக்கினர். 1842ஆம் ஆண்டிலே யோசப் டார்ட் என்னும் வணிகரும் றொபேட் டன்பார் என்னும் பொறியியலாளருஞ் சேர்ந்து, நீராவியால் இயங்கும் தானிய உயர்த்தி ஒன்றைப் பஃபலோவில் அமைத்தனர். முடிவில்லாது சுழலும் பட்டியொன்றிலே சிறு வாளிகளைத் தொடுத்து, அதனைக் கப்பலின் வயிற்றுக்குள் இறக்கித் தானியத்தை அள்ளி மேலே கொண்டுசென்று உயரமான பத்தாயங்களிற் கொட்டும் பொறி அது. உலகில் நீராவி கொண்டு இயங்கிய முதலாவது தானிய உயர்த்தி அதுவே என்பர். பின்னர் அத்தகைய உயர்த்திகள் ஆற்றங்கரையெங்கும் மலைபோல எழுந்தன. முற்பட்டவை பெரும்பாலும் மரத்தாலானவை.

இங்கேதான் நெருப்பு வருகின்றது. கோதுமை மணி தீப்பற்றுவது அரிது. அடுப்பில் ஒரு மணியை இட்டுப் பார்த்தால் மெல்லக் கருகும். ஆனால் அதே கோதுமையின் தூசு காற்றிலே பரந்து நிற்குமாயின், சிறு பொறியொன்று போதும், வெடிமருந்துபோல் வெடிக்கும். விறகுக் கட்டையையும் மரத்தூளையும் எண்ணிப் பார்த்தால் மாணவர்களுக்கு இது புலப்படும். பொருளைப் பொடியாக்குந்தோறும் காற்றைத் தொடும் பரப்பு மிகுகின்றது, எரிதலும் விரைகின்றது. ஒவ்வொரு தூசும் தன் பக்கத்துத் தூசைப் பற்றவைக்க, கண்ணிமைப்பதற்குள் கட்டடம் முழுவதும் வெடித்துவிடும். தானியம் உயர்த்தும் இடத்திலே தூசு எழாமல் இருக்குமா? ஆகவே பஃபலோ நகரத்தார் ஆண்டு முழுவதும் வெடிமருந்துக் கிடங்கின் நடுவே குடியிருந்தவர்களுக்கு ஒப்பானவர்கள்.

வெடித்தபின் எரிவதை அணைக்கவும் எளிதன்று. ஆயிரக்கணக்கான தொன் தானியம் உள்ளே கனன்றுகொண்டே கிடக்கும். உயர்த்தியின் ஒரு பக்கம் ஆறு. அப்பக்கத்தாற் குதிரை வண்டியும் வரமுடியாது, மோட்டார் வண்டியும் வரமுடியாது. தெருக்குழாயில் வரும் நீரோ நகரத்தாரின் குடிநீர். பல குழாய்களை ஒருங்கே திறந்தால் அழுத்தங் குன்றிப்போகும். ஆற்றுப் பக்கத்திலிருந்து ஆற்று நீரையே வாரி இறைக்கும் கலம் ஒன்று இருந்தாற் பெருநன்மை என்பதை நகரசபையார் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் உணர்ந்துகொண்டனர். இவ்வாறு உணர்ந்தவர்கள் அவர்கள் மட்டுமல்லர். மிச்சிக்கன் ஏரிக்கரையிலுள்ள மில்வோக்கி நகரிலே, படகிலிருந்து இறைக்கப்படும் நீரை நகரின் உட்பகுதிக்குக் கொண்டுசெல்வதற்கெனத் தெருக்களின் கீழே தனிக் குழாய்களையே புதைத்து வைத்தனர். படகு கரையிலே நின்று நீரை இறைக்கும்; தெருவிலே வீரர்கள் குழாய்வாயைத் திறந்து தீயை அணைப்பர். நல்ல சூழ்ச்சி என்றே எமக்குத் தோன்றுகின்றது.

1900ஆம் ஆண்டிலே நியூ ஜேர்சி மாநிலத்து எலிசபெத் நகரிற் கட்டப்பட்டு வந்தது பஃபலோவின் புதிய தீயணைப்புப் படகு. 118 அடி நீளம், 24 அடி அகலம், உருக்கு உடல், இரட்டை உந்துசுழலி, நிலக்கரி எரித்து ஓடும் நீராவிப் பொறி. அந்நகரத் தீயணைப்புத் துறையிலே சம்பளம் பெற்றுப் பணிபுரிந்த முதலாவது ஆணையாளரின் பெயரால் "வில்லியம் எஸ். கிராற்றன்" என அதற்குப் பெயரிட்டனர்.

அத்தகைய படகின் உள்ளமைப்பைச் சிறிது நோக்குவோம். பிரயாணக் கப்பலிலே பொறியின் ஆற்றலெல்லாம் கப்பலை ஓட்டவே செலவாகும். தீயணைப்புப் படகிலோ ஓடுதல் பாதி வேலை, இறைத்தல் மறுபாதி. அடியிலுள்ள வாயில்கள் வழியே ஆற்று நீர் உள்ளே வரும். வலிமை வாய்ந்த பம்பிகள் அதனை அழுத்தி மேலே தள்ளும். மேற்றளத்திலே பீரங்கிபோலத் திருப்பத்தக்க பெருங்குழாய்கள் நிற்கும். அவற்றின் வாய் குறுகியிருத்தலால் நீர் அம்புபோலப் பாயும். அன்றியும், கரையிலுள்ள வீரர்களின் குழாய்களைப் படகோடு பொருத்திக்கொள்ளவும் வழியுண்டு. அப்போது படகு மிதக்கும் நீரேற்று நிலையமாகிவிடும். நமது படகின் ஆற்றல், பிற்காலத்துப் புதுக்கல்களுக்குப் பின், நிமிடத்துக்கு 15,000 அமெரிக்கக் கலன் எனக் குறிக்கப்பட்டுள்ளது. ஏறக்குறைய 57,000 லீற்றர். இக்காலத்து வீட்டுக் கூரைகளில் வைக்கப்படும் 1,000 லீற்றர் தாங்கியை நேயர்கள் அறிவர். அதனை நிரப்ப நாம் எத்துணை நேரம் காத்திருக்கின்றோம்! அப்படகு ஒரு நொடிக்கு ஏறக்குறைய ஒரு தாங்கி நீரை வீசும்.

இதிலே பௌதிகம் பயிலும் மாணவர்கள் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. நீரை முன்னே தள்ளினால் அந்நீர் படகைப் பின்னே தள்ளும். நியூற்றனின் மூன்றாம் விதி என்று பாடசாலையிற் படித்ததுதான். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயே சிலவேளை கையை விட்டுத் துள்ளுகின்றது. ஒரு நொடிக்கு ஒரு தொன் அளவான நீரை எறியும் படகு சும்மா நிற்குமா? ஆகவே மீகாமன் ஒரு கண்ணைத் தீயிலும் மறு கண்ணை ஆற்றிலும் வைத்துக்கொண்டு, பின்னே தள்ளப்படும் அளவுக்கு முன்னே உந்திக்கொண்டே இருத்தல் வேண்டும். குறுகிய ஆறு, இருபுறமும் கப்பல்கள், மேலே புகை, எதிரே அனல். ஓட்டுவதினும் நிறுத்தி வைப்பதே அரிய வித்தை.

1928ஆம் ஆண்டு யூலை மாதத்திலே அப்படகுக்குப் பெருந்துன்பம் நேர்ந்தது. பண்படுத்தாத எண்ணெய் ஏற்றிய பெருந்தோணி ஒன்று பஃபலோ ஆற்றில் தீப்பற்றிக்கொள்ள, அதனை அணைக்கக் கிராற்றன் சென்றது. எண்ணெய்த் தீயின் இயல்பு வேறு. எண்ணெய் நீரினும் இலேசானது, நீரை ஊற்ற ஊற்ற மிதந்து பரவும், எரிந்துகொண்டே பரவும். அடுக்களையிற் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி தீப்பற்றினால் நீர் ஊற்றாதே, மூடியை இட்டு மூடு என்று நம் வீடுகளிற் பெரியோர் சொல்வது இதனாலேயாம். அன்றைய நாள் எரியும் எண்ணெய் ஆற்றின்மேற் பரந்து படகையே சூழ்ந்துகொண்டது. நெருப்பை அணைக்க வந்த படகின்மேல் நெருப்பு ஏறிற்று. ஆட்கள் நீரிற் குதித்து உயிர் தப்ப நேர்ந்தது, பலர் காயமுற்றனர். தலைமைப் பொறியாளர் உயிரிழந்தார்.

தலைமைப் பொறியாளர் எங்கே நிற்பவர் என்பதை நேயர்கள் ஒரு கணம் எண்ணிப் பார்க்கவேண்டும். மேற்றளத்திலே நிற்பவனுக்குத் தீ கண்ணுக்குத் தெரியும். எப்போது குதிக்கவேண்டும் என்பதும் தெரியும். பொறியறையிலே நிற்பவனுக்கோ மணியோசையும் கட்டளையுமே தெரியும். பம்பி நின்றால் மேலே உள்ளவர்களின் கையில் வெறுங்குழாய்தான். அதனால், தீயணைப்புப் படகிலே தீயைக் காணாமலே தீயோடு போரிடுபவன் அவன்.

படகு கரிந்துபோயிற்று. ஆயினும் அதன் உருக்கு உடல் மீட்கத்தக்கதாய் இருந்தது. புதுப்பித்துக் கட்டி, 1930ஆம் ஆண்டிலே மீண்டும் பணிக்கு விட்டனர். எண்ணெய்த் தீயை வெல்ல நுரையே தக்க ஆயுதம் என்பது இக்காலத்துத் துறைமுகங்கள் யாவும் அறிந்த உண்மை. நுரை எண்ணெயின்மேற் போர்வைபோலப் படிந்து காற்றைத் தடுக்கும். அடுக்களைச் சட்டிக்கு இடும் மூடியின் தொழிலை அது செய்கின்றது.

1953ஆம் ஆண்டிலே விஸ்கொன்சின் மாநிலத்தில் இன்னொரு பெரும் புதுக்கல் நடைபெற்றது. நீராவிப் பொறியை நீக்கி டீசல் பொறிகளை வைத்தனர். நீராவிப் படகிலே கொதிகலத்தை இரவும் பகலுங் காய்ச்சி வைத்தாலன்றி அழைப்பு வந்தவுடன் புறப்பட முடியாது. டீசல் பொறியோ நினைத்த மாத்திரத்தில் இயங்கும். திரும்பி வந்த படகுக்கு முதலில் "தீயணைப்போன்" எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரை இட்டனர். மறு ஆண்டிலே, 1954இல், அப்பெயரையும் மாற்றி "எட்வேட் எம். கொற்றர்" என்றனர். யார் இந்தக் கொற்றர்? மன்னரல்லர், மந்திரியுமல்லர். அந்நகரத் தீயணைப்புப் படையிலே பணிபுரிந்தவர். அப்படையினரின் தொழிற்சங்கத் தலைவராயிருந்து மறைந்தவர். தொழிலாளி ஒருவரின் பெயரைத் தாங்கிய கப்பல்களை உலகில் விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று நினைக்கின்றோம். அப்பெயரைத் தெரிந்தவர்களை மெச்சவே தோன்றுகின்றது.

கொற்றரின் வாழ்விலே பெரும்புகழ் ஈட்டிய நாள் 1960ஆம் ஆண்டு ஒக்டோபரில் வந்தது. பஃபலோவிலிருந்து மேற்கே ஏரிவழியாக ஏறக்குறைய 20 மைல் தொலைவிலே, கனடாவின் எல்லைக்குள், போட் கொல்போர்ண் என்னும் துறை இருக்கின்றது. வெலண்ட் கால்வாய் ஈரி ஏரியோடு சேரும் வாயில் அது. அங்கும் தானிய உயர்த்திகள் உண்டு. 1919ஆம் ஆண்டிலே அவற்றிலொன்று வெடித்து உயிர்களைப் பலிகொண்டதை அவ்வூர் மறக்கவில்லை. 1960இல் அங்குள்ள மா ஆலையின் உயர்த்தியிலே பெருந்தீ மூண்டது. ஊர்ப்படையால் அணைக்க முடியவில்லை. நீர்ப்பக்கத்திலிருந்து தாக்கவல்ல படகு அவர்களிடம் இல்லை. அயல்நாட்டு நகரத்திடம் உதவி கோரினர்.

கொற்றர் துறைமுகத்துக்கும் ஆற்றுக்குமாகச் செய்யப்பட்ட படகு. திறந்த ஏரியிலே நெடுந்தூரம் ஓடுவதற்கு ஆக்கப்பட்டதன்று. வயதோ அப்போதே 60. ஈரியின் இலையுதிர்காலத்து அலைகளைப்பற்றி மேலே சொன்னோம். இன்னொரு தடையும் இருந்தது. அதனைப் பலர் எண்ணுவதில்லை. தன் நகரத்து வரிப்பணத்தில் ஓடும் படகு அயல்நாட்டுக்குச் சென்றுவிட்டால், அவ்வேளையிற் பஃபலோவிலே தீ மூண்டால் யார் பொறுப்பு? வீட்டிலே ஒரே குடையை வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்காரனுக்கு மழையிற் கொடுப்பது போன்ற இக்கட்டு. ஆயினும் படகை விடுத்தனர். கொற்றர் ஏரியைக் கடந்து, எல்லையைத் தாண்டி, போட் கொல்போர்ண் துறைக்குட் புகுந்து தீயை எதிர்த்தது. நாட்டெல்லையைக் கடந்து வேற்று நாட்டுக்கு உதவச் சென்ற முதலாவது அமெரிக்கத் தீயணைப்புப் படகு என்று அதனைக் கொண்டாடுகின்றனர். கடவுச்சீட்டுப் பார்த்துத் தீ பரவுவதில்லை. அன்று உதவியும் அவ்வாறே சென்றது.

ஆனால் படகின் நாட்களெல்லாம் இத்தகைய நாட்களல்ல. உண்மையில், கொற்றர் மிகுதியாகச் செய்த பணி நெருப்போடன்று, பனிக்கட்டியோடு. மாரியிலே ஈரி ஏரியும் பஃபலோ ஆறும் உறைந்துபோம். பனிக்கட்டி ஆற்றை அடைத்துக்கொண்டால் மேலேயிருந்து வரும் நீர் கரை புரண்டு ஊருக்குட் புகும். ஆகவே உறுதியான உருக்கு உடல் கொண்ட கொற்றரை ஆற்றிலே மேலுங் கீழும் ஓட்டிப் பனியை உடைப்பது நகரத்தார் வழக்கம். தீயணைக்குங் கலம் பனியையும் உடைப்பது முரண்போலத் தோன்றினும் நகரத்தின் கண்ணுக்கு இரண்டும் வெள்ளத்தையும் தீயையும் தடுக்கும் ஒரே காவல்தான்.

பனியை இகழ்ந்துவிட முடியாது என்பதற்குச் சான்று 1959ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் தேதி இரவு. குளிர் சற்றுத் தணிந்து மழையும் பெய்ய, ஆற்றிலே பனிப்பாளங்கள் உடைந்து இறங்கின. மாரிகாலத்துக்கெனக் கரையிலே கட்டப்பட்டிருந்த "ஷைராஸ்" என்னும் கப்பலின் பக்கத்திலே அவை குவிந்து நெருக்க, கட்டுக்கயிறுகள் அறுந்தன. கப்பல் ஆளின்றி ஆற்றோடு போயிற்று. போகும்வழியில் "ரியூக்ஸ்பரி" என்னும் இன்னொரு கப்பலை மோதி அதனையும் அவிழ்த்துக்கொண்டது. இரண்டும் கீழே மிச்சிக்கன் அவெனியூத் தூக்குபாலத்தை நோக்கிச் சென்றன. பாலத்தை உயர்த்தும்படி தொலைபேசியிற் செய்தி போயிற்று; உரிய நேரத்தில் உயர்த்தவில்லை. கப்பல் மோதிப் பாலம் சரிந்தது. கப்பல்களும் பாலமும் பனியுஞ் சேர்ந்து அணைபோல நிற்க, ஆறு பின்னோக்கிப் பெருகி ஏறக்குறைய மூன்று மைல் தூரம் வரை கரையோரங்களை வெள்ளம் பாழாக்கிற்று. கப்பற் சொந்தக்காரர், கரை நிலையத்தார், நகரசபை ஆகிய மூவரும் பொறுப்பாளிகளே என 1964இல் மேன்முறையீட்டு நீதிமன்றந் தீர்ப்பளித்தது. கவனக்குறைவின் பயன் எவ்வளவு தூரம் வரை ஒருவனைத் தொடரும் என்பதை ஆராயும் சட்ட மாணவர்கள் இவ்வழக்கை இன்றும் படிக்கின்றனர்.

அதே 1959இல்தான் சென் லோறன்ஸ் கடல்வழியுந் திறக்கப்பட்டது. பெருங்கப்பல்கள் வெலண்ட் கால்வாயால் நயாகராவைச் சுற்றிக்கொண்டு நேரே கடலுக்குச் செல்லலாயின. பஃபலோவில் நிற்கவேண்டிய தேவை ஒழிந்தது. உயர்த்திகள் பல வெறுமையாயின. துறை ஓய்ந்தது, படகு மட்டும் இருந்தது. இருக்கவேண்டுமா என்ற கேள்வி எழுவது இயல்பே. ஆண்டிலே சில நாட்களே நீர் வீசும் படகுக்கு ஆட்களும் எண்ணெயும் பழுதுபார்ப்பும் எதற்கு என்று கணக்குப் பார்ப்போர் எல்லா ஊரிலும் உளர். அவர்களை முற்றும் பழித்துவிடவும் முடியாது. நகரசபையின் பணம் மரத்திற் காய்ப்பதன்று. ஆனால் 1996ஆம் ஆண்டிலே கொற்றர் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. சின்னமான பின்னுங் காட்சிச்சாலைக்குப் போகாமற் பணியில் நீடித்து, நூறாண்டையுங் கடந்தது. உலகிற் பணிபுரியும் தீயணைப்புப் படகுகளுள் மிக முதியது என அதனைக் கூறுவர்.

இத்தனையுஞ் சொன்ன பின், படகினால் ஆகாததையும் சொல்லாது விடுதல் நேர்மையன்று. நம்மவர்கள் பெருந்தொகையினராய்க் குடியேறி வாழும் ரொறன்ரோ நகரத் துறையிலே, 1949ஆம் ஆண்டு செப்டெம்பர் 17ஆம் தேதி பின்னிரவில், "நொறோனிக்" என்னும் உல்லாசப் பிரயாணக் கப்பல் கரையோடு கட்டப்பட்டிருந்தது. 524 பிரயாணிகள் அதில் வந்திருந்தனர், பெரும்பாலோர் அமெரிக்கர். துணிகள் வைக்கும் சிற்றறை ஒன்றிலிருந்து புகை வருவதைப் பிரயாணி ஒருவர் கண்டார். பணியாளன் ஓடித் திறவுகோல் கொணர்ந்து கதவைத் திறந்தான். அடைபட்டுக் கிடந்த தீ காற்றைக் கண்டதும் வெளியே பாய்ந்தது. கப்பலின் குழாயை இழுத்துத் திருகினர், நீர் வரவில்லை. பல்லாண்டாக எண்ணெய் பூசி மெருகிடப்பட்ட மரச்சுவர்கள் திரிபோலப் பற்றிக்கொண்டன.

நகரத் தீயணைப்புப் படையினர் அழைப்புக் கிடைத்த சில நிமிடங்களுக்குள் வந்து சேர்ந்தனர். ஏணி வண்டியும் வந்தது. தீயணைப்புப் படகும் வந்தது. நீருக்குக் குறைவில்லை, கப்பல் மிதந்ததே நீரில்தான். ஆயினும் படையினர் வருமுன்னரே கப்பலின் பெரும்பகுதி தீயின் வாயில் இருந்தது. உறங்கியவர்களை எழுப்பப் போதிய பணியாளர் கப்பலில் இல்லை. 171 பேர் கொண்ட அணியிலே 15 பேரளவினரே அன்றிரவு கடமையில் இருந்தனர். கரைக்கு இறங்கும் வழியோ ஒரு தளத்தில் மட்டுமே. ஏணியிலே நெருக்கியடித்து இறங்கியவர்களின் பாரந் தாங்காது ஏணியே முறிந்தது. ஒருபுறம் இவ்வாறிருக்க, ஊற்றிய நீரெல்லாம் மேற்றளங்களிலே தேங்கிக் கப்பலைச் சாய்க்கவே, வீரர்கள் சிறிதுநேரம் பின்வாங்கவும் நேர்ந்தது. மிகுந்த நீரும் கப்பலுக்குக் கேடே. 1942இல் நியூயோர்க் துறையிலே "நோர்மண்டி" என்னும் மாபெருங் கப்பல் தீயினாலன்றி, தீயை அணைக்க ஊற்றிய நீரினாலேயே கவிழ்ந்துபோனதை வயது முதிர்ந்தோர் கேள்விப்பட்டிருப்பர்.

நொறோனிக்கில் இறந்தோர் தொகையை 118 முதல் 139 வரை வெவ்வேறாகக் கூறுகின்றனர். இறந்தோர் ஏறக்குறைய யாவரும் பிரயாணிகள். கப்பற்றலைவரின் உரிமைப் பத்திரம் ஓராண்டுக்கு இடைநிறுத்தப்பட்டது. ஒரு சிற்றறைக் கதவும் ஒரு வறண்ட குழாயும் அத்தனை பேரைக் கொன்றன என்று சொன்னால் மிகையாகாது. எத்துணை வலிய படகு வெளியே நின்றாலும், முதற் சில நிமிடங்கள் கப்பலுக்குள்ளே இருப்பவர்களின் கையிலேயே உள்ளன.

ரொறன்ரோத் துறைக்கு 1964இலே புதிய தீயணைப்புப் படகு ஒன்று வந்தது. ஒன்ராறியோவின் ஓவென் சவுண்ட் நகரிலே கட்டப்பட்டது. "வில்லியம் லயன் மக்கென்சி" என்பது பெயர். ரொறன்ரோவின் முதலாவது நகரபிதா அவர். அதுமட்டுமன்று, 1837இல் ஆட்சியாளருக்கெதிராகக் கிளர்ச்சி நடத்தித் தோற்று எல்லை கடந்து ஓடியவரும் அவரே. ஓடிச் சேர்ந்த ஊர் எது என்று நினைக்கின்றீர்கள்? பஃபலோ! அவருடைய மகளின் மகனே பின்னாளிற் கனடாவின் பிரதமராய் நெடுங்காலம் ஆண்ட மக்கென்சி கிங். கிளர்ச்சிக்காரரின் பெயரை அந்நகரம் தீயை அணைக்கும் படகுக்கு இட்டிருப்பதிலே ஒரு நகைச்சுவை உண்டு. நகரசபையார் அதனை எண்ணித்தான் இட்டனரோ என்னவோ.

மக்கென்சியின் தங்குமிடம் ரொறன்ரோ ஏரிக்கரையின் குவீன்ஸ் கீ வீதியோரம் அமைந்த தீயணைப்பு நிலையம். அங்கே உறவினரைக் காணச் செல்லும் நம் நேயர்கள் நடந்து போயே பார்த்துவரலாம். கொற்றரின் நிலையம் பஃபலோ ஆற்றங்கரையிலே, பழைய தானிய உயர்த்திகளுக்கு அண்மையில். இரு நகரங்களுக்குமிடையே தரைவழி ஏறக்குறைய 100 மைல். நடுவே ஒரு நாட்டெல்லை. மாரியிற் போவோர் கம்பளி உடுத்திச் செல்லவேண்டும். கொற்றர் பனி உடைக்கும் பருவமும் அதுவே.